மலைச்சாலையில் நாள் முழுக்கக் குழுவாகச் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமவெளியில் நன்றாகவே மிதிக்கிறவர்கள்கூட, மலைச்சாலைக்குக் குழுவாகப் போகலாம் என்றதும் ஒரே மாதிரியான சந்தேகங்களோடு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

நூறு கிலோமீட்டர் எனக்குப் புதுசு இல்லை. மலையில் நூறு என்றால் அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

மலையில் கிலோமீட்டர் கணக்கை இரண்டாவதாக வையுங்கள். முதலில் பார்க்க வேண்டியது மொத்தம் எத்தனை மீட்டர் உயரம் ஏறுகிறோம் என்பதை. நூறு கிலோமீட்டரில் 300 மீட்டர் ஏறுவதும் 2,000 மீட்டர் ஏறுவதும் ஒரே நாள் வேலை இல்லை. வழக்கமாக மிதிக்கிற ஒருவர் நிதானமாக ஏறினால் மணிக்கு 500 முதல் 700 மீட்டர் வரை உயரம் ஏறலாம். பழக்கம் குறைவானவர் 400 என்று வைத்துக்கொள்வது நல்லது. ஆக 2,000 மீட்டர் ஏற்றம் என்றால், ஏறுவதற்கு மட்டுமே மூன்று முதல் ஐந்து மணி நேரம். சமதளம், இறக்கம், ஓய்வு எல்லாம் அதற்கு மேல்.

நெடுந்தூர சைக்கிள் உலகில் 'பிரேவே' என்றழைக்கப்படும் 200 கி.மீ. பயணத்துக்குப் பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள். சாப்பாடு, பஞ்சர், ஓய்வு எதற்காகவும் கடிகாரம் நிற்காது. உங்கள் திட்டத்தையும் அப்படித்தான் போட வேண்டும். மிதிக்கும் நேரத்தை மட்டும் கூட்டிப் போட்ட திட்டம் மதியத்துக்குள் பொய்த்துவிடும்.

சராசரி சாய்வு ஏழரை சதவீதம் என்று போட்டிருக்கிறது. ஏழரை என்றால் சமாளிக்கலாம்தானே?

ஏழரை சதவீதம் என்றால் நூறு மீட்டர் முன்னே போகும்போது ஏழரை மீட்டர் மேலே போகிறோம். அது முழுக்க ஒரே சீராக இருந்தால் சமாளிக்கலாம். ஆனால் சராசரி பல விஷயங்களை மறைத்துவிடும். பிரான்சின் மோன் வான்டூ மலைக்குப் பெடுவான் ஊரிலிருந்து ஏறும் சாலை சுமார் 21 கி.மீ., சராசரி ஏழரை சதவீதம். தொடக்கத்தில் ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம் மென்மையாகவே போகும். அப்புறம் காட்டுக்குள் நுழைந்ததும் ஒன்பதைத் தாண்டி, மூச்சு விட இடமே கொடுக்காது. அதே நாட்டின் ஆல்ப் துவேஸ் மலைச்சாலை நேர் எதிர்: அங்கே ஏறத் தொடங்கும் முதல் இரண்டு கிலோமீட்டர்தான் மிகக் கடினம்.

ஆகவே கிளம்பும் முன், ஏற்றத்தின் குறுக்குவெட்டுப் படத்தைக் கிலோமீட்டர் கிலோமீட்டராகப் பாருங்கள். எங்கே பத்து சதவீதத்தைத் தாண்டுகிறது, எங்கே சற்று தளர்கிறது என்று இரண்டு மூன்று இடங்களை ஒரு காகிதத் துண்டில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொள்ளலாம். இன்னும் ஒரு கிலோமீட்டரில் சாலை தளரும் என்று தெரிந்தாலே கால் ஒத்துழைக்கிறது.

இருக்கிற சைக்கிளே போதுமா, கியர் மாற்ற வேண்டுமா?

முன்பக்கத்தில் மிகச் சிறிய பல்சக்கரத்தையும் பின்பக்கத்தில் மிகப் பெரியதையும் எண்ணிப் பாருங்கள். முன்னால் 34 பல், பின்னால் 34 பல் என்றால் பெடல் ஒரு சுற்று, சக்கரமும் ஒரு சுற்று, ஏறத்தாழ 2.1 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கி.மீ. வேகம். மலைக்கு இது நல்ல கணக்கு. பழைய பந்தய சைக்கிள்களில் 39-க்கு 25 என்று இருக்கும். அதே ஏழரை கி.மீ. வேகத்துக்கு அதில் நிமிடத்துக்கு 38 சுற்றுதான் வரும். ஒவ்வொரு மிதியும் படியேறுவது போல அழுத்தி மிதிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் முழங்கால் பேச ஆரம்பித்துவிடும்.

சைக்கிள் எவ்வளவு எடை குறைவு என்பதைப் பற்றிக் கேட்பவர்கள் நிறைய. ஒரு கிலோ குறைந்தால் ஆளும் சைக்கிளுமாகச் சேர்ந்த எடையில் ஒரு சதவீதம் சொச்சம்தான் குறையும். அந்தக் காசில் பின்பக்கம் பெரிய பல்சக்கரம் போடுங்கள் என்பேன்.

என்னென்ன எடுத்துவர வேண்டும்? எழுத எழுதப் பட்டியல் நீள்கிறது.

ஆளுக்கு ஆள் கட்டாயம்: உங்கள் சக்கர அளவுக்கே பொருந்தும் இரண்டு டியூப், டயர் கழற்றும் நெம்பு, பம்ப், மடக்குக் கருவி, உங்கள் செயினுக்குப் பொருந்தும் இணைப்புக் கண்ணி ஒன்று, முன்னும் பின்னும் விளக்கு, காற்று புகாத மெல்லிய ஜாக்கெட். பகலில்தானே போகிறோம், விளக்கு எதற்கு என்று கேட்பார்கள். சுரங்கச் சாலையும் மூடுபனியும் பகலிலும் வரும். முதலுதவிப் பை, செயின் உடைக்கும் கருவி போன்றவை குழுவுக்கு ஒன்று போதும். யாரிடம் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

போன் சிக்னல் பள்ளத்தாக்குகளில் அடிக்கடி போய்விடும். வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குழு என்று சொல்லிவிட்டு ஏற்றத்தில் அவரவர் வேகம் என்கிறீர்களே. சேர்ந்தே ஏறினால் என்ன?

மிக அதிகமாக வாதம் நடப்பது இதில்தான். சமதளத்தில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகும்போது உங்கள் உழைப்பில் பெரும்பங்கு காற்றைக் கிழிக்கவே செலவாகிறது. முன்னால் போகிறவரின் மறைவில் ஒட்டி வந்தால் கால்வாசிக்கும் மேல் மிச்சமாகும். அங்கே குழுவால் நிஜமாகவே லாபம். ஏற்றத்தில் மணிக்கு எட்டு கி.மீ. வேகத்தில் காற்றுத் தடை என்பது பெயருக்குத்தான். உழைப்பு அத்தனையும் உங்கள் எடையை மேலே தூக்கப் போகிறது. அதை இன்னொருவர் உங்களுக்காகச் செய்ய முடியாது.

சரி, லாபம் இல்லாவிட்டால் போகட்டும், பேச்சுத்துணைக்காவது சேர்ந்து போகலாமே என்றால், நஷ்டமும் இருக்கிறது. மெதுவாக ஏறுகிறவர் மற்றவர்களை விடக்கூடாது என்று தன் அளவை மீறி மிதிப்பார். முதல் அரை மணி நேரத்தில் அப்படி மிஞ்சிச் செலவழித்த சக்தி அன்று மாலைவரை திரும்பி வராது. வேகமானவருக்கோ தன் இயல்பான சுற்று கிடைக்காமல் சைக்கிள் தள்ளாடும். இருவருக்குமே அது நல்ல ஏற்றம் இல்லை.

நான் எல்லாரிடமும் சொல்வது இதுதான்: சமதளத்தில் ஒன்றாக, ஏற்றத்தில் அவரவராக, இறக்கத்தில் இடைவெளி விட்டு. மலையில் ஒரு குழு நல்ல குழுவா என்பது எங்கே, எப்படிக் காத்திருக்கிறது என்பதில் தெரிந்துவிடும். ஒன்றாக மிதித்ததா என்பதை யாரும் பார்ப்பதில்லை.

அப்படியானால் எங்கே காத்திருப்பது? எவ்வளவு நேரம்?

கிளம்பும் முன்பே இடங்களைப் பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். கணவாயின் உச்சி, தண்ணீர் கிடைக்கும் இடம், சாலை பிரியும் இடம் என்று. ஏற்றம் நீளமானால் நடுவில் ஒன்று. வளைவிலோ வளைவு முடிந்த உடனேயோ நிற்கவே கூடாது. வளைந்து வரும் வண்டிக்காரருக்கு நீங்கள் நிற்பது கடைசி நொடியில்தான் தெரியும். சைக்கிளோடு சாலையை விட்டு முழுக்க இறங்கி நிற்க இடம் இருக்க வேண்டும்.

சாலை பிரியும் இடங்களுக்கு ஒரு விதி போதும்: முதலில் வருகிறவர் அங்கேயே நின்று, தனக்கு அடுத்தவர் கண்ணில் படும்வரை காத்திருந்து, வழி காட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். அடுத்தவரும் அதையே செய்வார். கடைசியில் வருகிறவர் வழி தெரிந்தவராகவும், பஞ்சர் ஒட்டத் தெரிந்தவராகவும், பொறுமைசாலியாகவும் இருக்கட்டும். அவரைத் தாண்டி யாரும் பின்னால் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. எட்டுப் பேருக்கு மேல் சேர்ந்தால் இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

எவ்வளவு நேரம் என்பதில் ஓர் அநியாயம் நடக்கும். வேகமானவர்கள் இருபது நிமிடம் உட்கார்ந்து கால் ஆற்றியிருப்பார்கள். கடைசி ஆள் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், "வந்தாச்சா, கிளம்பலாம்" என்று எழுந்துவிடுவார்கள். அதிக ஓய்வு தேவைப்படுகிறவருக்கு ஓய்வே கிடையாது! கடைசி ஆள் வந்து காலை ஊன்றிய பிறகு குறைந்தது பத்து நிமிடம் யாரும் கிளம்பக்கூடாது. குளிருகிறவர்கள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளட்டும்.

நான்தான் எப்பவும் கடைசி. மற்றவர்களுக்குப் பாரமாக இருப்பேனோ?

மேலே சொன்னபடி அவரவர் வேகத்தில் ஏறினால் நீங்கள் யாரையும் மெதுவாக்கவில்லை. காத்திருக்கும் நேரம் மட்டும்தான் கூடுகிறது. அதைக் குறைக்க எளிய வழி, நீங்கள் காத்திருப்பு இடத்திலிருந்து கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்புவது. வழியில் மற்றவர்கள் உங்களைப் பிடிப்பார்கள், உச்சிக்கு எல்லாரும் ஏறக்குறையச் சேர்ந்து வருவீர்கள். ஆனால் உங்களோடு இன்னொருவர் வர வேண்டும். தனியாக முன்னே போய் நீங்கள் வழி மாறிவிட்டால், உங்களுக்குப் பின்னால் இருப்பதாக நினைக்கும் யாரும் தேட மாட்டார்கள்.

சமதளத்தில் உங்கள் இடம் குழுவின் நடுவில். முன்னால் போய்க் காற்றைக் கிழிக்கும் முறை உங்களுக்கு வரும்போது கூச்சப்படாமல் விட்டுக்கொடுங்கள்.

சாப்பாடு எப்போது? பசித்தால் நிறுத்திச் சாப்பிட்டுக்கொள்ளலாம் இல்லையா?

பசிக்கும்வரை காத்திருந்தால் நேரம் கடந்துவிடும். தசையிலும் ஈரலிலும் உடல் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை பொதுவாக 400, 500 கிராம் அளவில்தான். கடுமையாக மிதித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அப்புறம் வருவது சாதாரணக் களைப்பு இல்லை. கால் சொல்வதைக் கேட்காது, கை நடுங்கும், காரணமில்லாமல் எரிச்சல் வரும், எளிய கணக்கு மனத்தில் ஓடாது. குழுவில் நன்றாகப் பேசிக்கொண்டு வந்தவர் திடீரென்று மௌனமாகிவிட்டால், முதலில் அவர் கையில் இனிப்பாக ஏதாவது கொடுங்கள். காரணத்தை அப்புறம் விசாரிக்கலாம்.

முதல் மணி நேரத்திலிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது மெல்ல முடியாது. ஏற்றம் தொடங்குவதற்குச் சற்று முன்பும், உச்சியிலும் சாப்பிடுவது வசதி. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே ஏறாதீர்கள். செரிமானமும் கால்களும் ஒரே ரத்தத்துக்குப் போட்டி போடும்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர், வெயில் கடுமையானால் இன்னும் சற்று. உப்பில்லாத வெறும் தண்ணீரை அளவில்லாமல் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். குடிக்கும் ஒரு பாட்டிலிலாவது உப்பு சேர்ந்திருக்கட்டும்.

உட்கார்ந்து மிதிப்பதா, எழுந்து நின்று மிதிப்பதா?

பெரும்பாலும் உட்கார்ந்து. நின்று மிதித்தால் உடல் எடையைக் கைகளும் கால்களும் தாங்க வேண்டியிருக்கும், இதயத் துடிப்பு ஏறும். ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இருபது முப்பது மிதி எழுந்து மிதித்தால் இடுப்புக்கும் பின்புறத்துக்கும் இளைப்பாறல். பின்னால் நெருக்கமாக யாராவது வந்தால் கவனம்: எழும் கணத்தில் சைக்கிள் ஒரு சாண் பின்வாங்குவது போல ஆகும், அவர் முன்சக்கரம் உங்களை உரசிவிடும்.

முழங்காலின் முன்புறம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம், பின்புறம் வலித்தால் உயரமாக இருக்கலாம். இதையெல்லாம் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே சரி செய்துவிடுங்கள். அன்று காலையில் சீட்டைத் தொடக்கூடாது.

இறக்கம்தான் எனக்குப் பயம். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் பாதுகாப்புதானே?

பயப்படுவதில் தப்பில்லை, ஆனால் இந்த வழி சரியில்லை. ஆளும் சைக்கிளுமாக 90 கிலோ என்று வைப்போம். ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல், இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அது எங்காவது போயாக வேண்டும். எட்டு சதவீத இறக்கத்தில் 60 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு அதைப் பெரும்பாலும் காற்றே வாங்கிக்கொள்கிறது. 20 கி.மீ. வேகத்தில் பிரேக்கைப் பிடித்தபடி வருகிறவருக்கு, அதில் 80 சதவீதத்துக்கும் மேல் பிரேக்கில் சூடாக இறங்குகிறது. சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். கார்பன் ரிம் என்றால் ரிம்மே பாழாகலாம். ஆயில் ஓடும் டிஸ்க் பிரேக்கில் திரவம் கொதித்தால் பிரேக் நெம்பு கைப்பிடிவரை வந்துவிடும், பிரேக் பிடிக்காது.

இதற்காக 60-ல் போங்கள் என்று சொல்லவில்லை. நேரான இடத்தில் பிரேக்கை விடுங்கள், காற்று சற்றுப் பிடிக்கட்டும். வளைவுக்கு முன்பு இரண்டு பிரேக்கையும் உறுதியாக, ஆனால் சற்று நேரமே பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு மறுபடி விடுங்கள். விட்ட நேரத்தில் பிரேக் ஆறும். வேகமே வேண்டாம் என்பவர் நடக்கும் வேகத்துக்குக் கிட்டே இறங்கலாம், நேரம் நீண்டுவிடுவதால் சூடு தேங்காது. 25, 30 கி.மீ. வேகத்தில் இடைவிடாமல் உரசிக்கொண்டே வருவதுதான் எல்லாவற்றிலும் மோசம். கை மரத்துப்போனால், அல்லது கருகிய வாடை வந்தால், ஓரமாக நின்று பத்து நிமிடம் ஆறவிடுங்கள். டிஸ்க் தகட்டை விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள்.

மழையில் ரிம் பிரேக் முதல் சில சுற்றுகளுக்குப் பிடிக்கவே பிடிக்காது. தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடி விழும். அதனால் வழக்கத்தைவிட வெகு முன்னதாகவே தொடங்க வேண்டும்.

கொண்டை ஊசி வளைவில் எப்படித் திரும்புவது? கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது.

கண்தான் திருப்புகிறது. பள்ளத்தையோ தடுப்புச் சுவரையோ பார்த்தால் சைக்கிளும் அங்கேயே போகும். வளைவு முடிந்து சாலை எங்கே வெளிப்படுகிறதோ அங்கே பாருங்கள். முன்னால் சொன்ன பிரேக் வேலையை வளைவுக்கு முன்பே முடித்துவிடுங்கள். வெளிப்பக்கக் கால் கீழே, அதில் உடல் எடை. உள்பக்கப் பெடல் மேலே, இல்லாவிட்டால் சாய்ந்ததும் தரையில் இடிக்கும். எவ்வளவு அழகான வளைவாக இருந்தாலும் நடுக்கோட்டைத் தாண்டாதீர்கள். வளைவின் உள்மூலையில் பொடிக்கல், மலையிலிருந்து கசியும் நீர், உதிர்ந்த இலை எல்லாம் சேர்ந்திருக்கும், அதையும் எதிர்பார்த்தே வாருங்கள்.

இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயில், பிராத்தோ ஊர்ப் பக்கம் மட்டும் இப்படி 48 வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதியிருக்கிறது, உச்சிக்குப் போகப் போக எண் குறைந்துகொண்டே வரும். ஏறும்போது ஒரு வசதி: வளைவின் உள்விளிம்பு செங்குத்து, வெளிவிளிம்பு மென்மை. எதிரில் வண்டி இல்லை என்று தெளிவாகத் தெரியும்போது உங்கள் பக்கத்துக்குள்ளேயே வெளிவிளிம்பை ஒட்டிப் போனால் கால் நொடிக்காது.

இறக்கத்தில் இருவருக்கு இடையே குறைந்தது பத்துப் பதினைந்து சைக்கிள் நீளம் இருக்கட்டும். சமதளத்து ஒட்டல் இங்கே வேண்டவே வேண்டாம்.

கீழே வெயில் கொளுத்துகிறது. ஜாக்கெட்டை எதற்குச் சுமப்பது?

ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். அதுகூடப் பெரிதில்லை. ஏறி வேர்த்து நனைந்த சட்டையோடு, மிதிக்காமல், 40 கி.மீ. காற்றில் அரை மணி நேரம் இறங்குவதுதான் விஷயம். விரல் விறைத்தால் பிரேக்கை அழுத்த முடியாது. அந்தக் காலப் பந்தய வீரர்கள் உச்சியில் வேடிக்கை பார்ப்பவர்களிடம் செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் நெஞ்சில் செருகிக்கொண்டு இறங்குவார்கள். இன்றும் அது வேலை செய்யும். ஜாக்கெட்டை உச்சிக்கு வந்ததுமே போடுங்கள், குளிர் தெரிந்த பிறகு வேண்டாம்.

உயரத்தில் வெயிலும் சுடும். குளிராக இருக்கிறதே என்று ஏமாந்து கழுத்தையும் காதையும் வேகவிடாதீர்கள். இரண்டாயிரம் மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் நாலில் மூன்று பங்குக்குச் சற்று அதிகம்தான். அங்கே வழக்கத்தைவிட மூச்சு வாங்கினால் உங்கள் பயிற்சியைக் குறை சொல்ல வேண்டாம்.

காட்சி நன்றாக இருக்கும் இடத்தில் நின்று படம் எடுத்தால் கோபித்துக்கொள்வீர்களா?

அதற்காகத்தானே மலைக்குப் போகிறோம். ஏறும்போது எத்தனை முறை வேண்டுமானாலும் நில்லுங்கள். இறக்கத்தில் மட்டும் திடீரென்று நிற்காதீர்கள். கையை உயர்த்திக் காட்டி, குரல் கொடுத்து, சாலையை விட்டு இறங்கிய பிறகு போனை எடுங்கள். மிதித்துக்கொண்டே படம் எடுக்கிறவரை அடுத்த முறை கூப்பிட மாட்டேன்.

துணைக்கு ஒரு கார் பின்னாலேயே வந்தால் நல்லதுதானே?

கார் வரலாம், பின்னாலேயே வரக்கூடாது. குறுகிய சாலையில் எட்டு கி.மீ. வேகத்தில் ஊரும் காருக்குப் பின்னால் மற்ற வண்டிகள் சேர்ந்து, பொறுமையிழந்து, வளைவில் முந்தப் பார்க்கும். காத்திருப்பு இடங்களுக்கு முன்கூட்டியே போய் நிற்கட்டும்.

முட்டிவலி இருக்கிறது. பேட்டரி சைக்கிளில் வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா?

தாராளமாக. கணக்கு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களும் சைக்கிளுமாக 110 கிலோ என்றால், ஆயிரம் மீட்டர் ஏற 300 வாட்-மணி ஆற்றல் தேவை. பாதியை நீங்கள் மிதித்துக் கொடுத்தால், மோட்டாரில் வீணாவதையும் சேர்த்து பேட்டரியிலிருந்து சுமார் 200 போகும். 500 வாட்-மணி பேட்டரி இரண்டாயிரம் மீட்டர் சொச்சத்துக்கு வரும். முழு உதவியில் வைத்துப் பறந்தால் அதைவிட வெகு சீக்கிரமே தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகு 25 கிலோ சைக்கிளை மிதித்து ஏறுவது முட்டிக்கு நல்லதில்லை.

யாராவது விழுந்துவிட்டால் முதலில் என்ன செய்வது?

விழுந்தவரிடம் எல்லாரும் ஓடாதீர்கள். ஒருவர் அவரிடம், ஒருவர் மேல் வளைவுக்கு, ஒருவர் கீழ் வளைவுக்கு. வரும் வண்டிகளை முன்கூட்டியே கைகாட்டி மெதுவாக்க வேண்டும், இரண்டாவது விபத்து அப்படித்தான் தவிர்க்கப்படும். கழுத்தோ முதுகோ வலிக்கிறது என்றால் அவரை அசைக்காமல் உதவிக்கு அழையுங்கள். சிக்னல் இல்லாவிட்டால் அது கிடைக்கும் இடம்வரை இருவர் போகட்டும், இடத்தின் பெயரையோ கிலோமீட்டர் கல்லின் எண்ணையோ பார்த்துக்கொண்டு.

தலையில் அடிபட்டவர், "ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று எழுந்து நின்றாலும் அன்று மறுபடி மிதிக்கக்கூடாது. மூளை அதிர்ச்சியின் அறிகுறிகள் மணிக்கணக்கில் கழித்தும் வரும். அவரைத் தனியாகவும் விடக்கூடாது. அந்த ஹெல்மெட்டின் வேலை முடிந்தது, வெளியே விரிசல் தெரியாவிட்டாலும்.

கடைசிக் கணவாய் ஒன்று பாக்கி, நேரமோ போய்விட்டது. பாதிப் பேர் ஏறலாம் என்கிறார்கள், பாதிப் பேர் திரும்பலாம் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

கடிகாரம் சொல்வதை. அதுவும் காலையிலேயே கேட்டு வைத்திருக்க வேண்டும்: "இன்ன நேரத்துக்குள் கணவாயின் அடிவாரத்துக்கு வராவிட்டால் ஏறுவதில்லை" என்று எல்லாரும் சம்மதித்த ஒரு நேரம். களைத்த பிறகு எடுக்கும் முடிவில் ஆசையும் வீம்பும் கலந்துவிடும். கணக்குப் போடும்போது குழுவிலேயே மெதுவானவரின் வேகத்தை எடுங்கள். 600 மீட்டர் பாக்கி, அவர் மணிக்கு 400 ஏறுவார் என்றால் ஒன்றரை மணி நேரம். மாலையில் அதுவும் குறையும், இரண்டு என்று வையுங்கள். உச்சியில் ஓய்வு, இறக்கம், ஒரு பஞ்சர் என்று இன்னொரு ஒன்றேகால் மணி நேரம். அத்தனையும் இருட்டுவதற்கு முன் முடிய வேண்டும். மலைகளில் பிற்பகலில் இடியும் மழையும் திரண்டுவரும் பருவம் என்றால், இருட்டுக்குப் பதிலாக அந்த மேகத்தைக் கணக்கில் வையுங்கள்.

பாதிப் பேர் ஏறி, பாதிப் பேர் திரும்புவதும் ஒரு வழிதான். ஒவ்வொரு பக்கமும் குறைந்தது மூன்று பேர், ஒரு பம்ப், வழி தெரிந்த ஒருவர், இரவு எங்கே சந்திப்பது என்ற முடிவு இருந்தால் செய்யலாம். மூன்றாவது ஆள் தேறாவிட்டால் எல்லாரும் திரும்புங்கள்.